ஒட்டுக்கு மேலே ஒரு சாண்

2021 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு படம் அனுப்பினேன். கரிக்கட்டையாக நின்ற மாங்கன்றின் அடியிலிருந்து, செம்பு நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துளிர். பிப்ரவரிக் குளிரோடு போய்விட்டது என்று நான் கைகழுவியிருந்த கன்று அது. படத்தின் கீழே "பிழைத்துவிட்டது அம்மா" என்று எழுதியிருந்தேன்.

அம்மா கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்தூருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். மா ஒட்டுக்கன்றுகளுக்குப் பேர்போன வட்டாரம் அது. பள்ளி விடுமுறையில் நெருக்கு ஒட்டுக்குச் சணல் சுற்றிக் கூலி வாங்கியவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே அழைத்தார்.

"ஏண்டா, ஒட்டு எங்கே இருக்கிறது, துளிர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா?"

குனிந்து பார்த்தேன். வேறொரு கன்றின்மேல் நல்ல ரகத்தை ஒட்டுக் கட்டிய இடத்தின் வீக்கம் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருந்தது. துளிர் அதற்கு நான்கு விரற்கடை கீழே.

"பிழைத்தது உன் மல்லிகா இல்லை. அதைச் சுமந்துகொண்டிருந்த கொட்டைச் செடி."

மல்லிகா என்பது நீலத்துக்கும் தசேரிக்கும் பிறந்த மாம்பழ ரகம். நீலத்தின் பிள்ளை என்பதற்காகவே தேடிப்பிடித்து, புளோரிடாவில் வளர்த்த கன்றாக வாங்கி நட்டிருந்தேன். அங்கே நர்சரிகளில் வேர்ச்செடியாகப் பெரும்பாலும் 'டர்பன்டைன்' என்கிற மாவைத்தான் வைக்கிறார்கள். பெயரே சொல்லிவிடும், பழம் எப்படி மணக்கும் என்று. ஆக, இரண்டு வருடம் நீர் ஊற்றி, குளிரில் பறிகொடுத்து, மீண்டும் துளிர்த்ததாகக் கொண்டாடிய என் மரம், பெயின்ட் கடை வாசம் அடிக்கும் பழத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நான்கைந்து குளிர்காலம் கடந்துவிட்டது. போர்வை, பல்பு, கூடாரம், தெர்மாமீட்டர் என்று எல்லாவற்றிலும் காசைக் கரைத்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் ஒன்றுதான். இளங்கன்றில் காப்பாற்ற வேண்டியது ஒட்டும் அதற்கு மேலே ஒரு சாண் அளவு தண்டும். இலை போகட்டும், நுனி போகட்டும், கிளைகூடப் போகட்டும். அந்த ஒரு சாண் பச்சையாக இருந்தால் அதே மரம் திரும்பி வரும்.

இந்த ஊர்க் குளிரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டன் பனிப்பிரதேசம் இல்லை. டிசம்பரில் அரைக்கைச் சட்டையோடு கடைக்குப் போகலாம். கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். ஈரப்பதம் சென்னையை நினைவூட்டும். கோடையில் முருங்கை பத்தடி வளரும், வாழை புதர் கட்டும். வருடத்தில் 360 நாள் மாமரத்துக்கு ஏற்ற ஊர்தான். மிச்சமிருக்கிற நான்கைந்து இரவுகள்தான் சிக்கல். கனடாவிலிருந்து தடுக்க ஒரு மலைகூட இல்லாத சமவெளியில் இறங்கி வருகிற வடகாற்று, ஒரே மாலையில் வெப்பத்தைத் தலைகுப்புறத் தள்ளிவிடும். டெக்சஸ்காரர்கள் 'நார்தர்' என்பார்கள்.

இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. 32 டிகிரி என்றால் உறைநிலை, அதாவது நமது பூஜ்ஜியம். 28 என்றால் மைனஸ் இரண்டுக்குக் கொஞ்சம் கீழே. புளோரிடா பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவின் குறிப்புகளின்படி, இளம் மாங்கன்று 29, 30 டிகிரியிலேயே செத்துப்போகலாம். வளர்ந்த மரம் 25 டிகிரியைச் சில மணி நேரம் தாங்கும், இலையையும் சிறு கிளைகளையும் இழந்துகொண்டு. 2021 பிப்ரவரி 16 காலையில் ஹூஸ்டனில் பதிவானது 13 டிகிரி. செல்சியஸில் மைனஸ் பத்தரை.

அந்தக் குளிருக்கு நான் செய்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நான்கு நாள் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. நர்சரிகளில் 'ஃப்ராஸ்ட் கிளாத்' என்று விற்கிற வெள்ளைத் துணி எங்கும் தீர்ந்துபோயிருந்தது. வீட்டிலிருந்த படுக்கை விரிப்புகள் இரண்டு, பழைய கம்பளி ஒன்று. மூன்றையும் கன்றின் தலையில் போட்டு, கிளைகளை அள்ளிக் கூட்டி, தண்டோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கினேன். ஊறுகாய்ச் சாடிக்கு வேடு கட்டியதுபோல அழகாக இருந்தது. மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். உள்ளே கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் ஒன்று. காணொளியில் பார்த்த அம்மா, "தலைக்கு மஃப்ளர் கட்டிவிட்டாய், காதில் பஞ்சு வைக்கவில்லையா?" என்று கேட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வியட்நாம் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கொய்யா, லாங்கன், பம்ப்ளிமாஸ் என்று சின்னக் காடே வைத்திருப்பவர். அன்று அவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு கன்றின் அடியிலும் முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்துக்கொண்டிருந்தார். என் மூட்டையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "நோ. கிரவுண்ட், கிரவுண்ட்" என்றார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேலியில் சந்தித்துக்கொள்வது எப்போதும் சிரமம். மரம் தொட்டியில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று கேட்கிறார்போலும் என்று நினைத்து, "யெஸ், யெஸ், கிரவுண்ட்" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

15ஆம் தேதி விடிவதற்கு வெகுமுன்பே மின்சாரம் போனது. டெக்சஸ் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. கார் கராஜில் நான்கு பேரும் அணிந்திருந்த உடைகளின் எண்ணிக்கையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். மரத்தைப் பற்றி யார் நினைத்தார்கள்? மூன்றாம் நாள் வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்தபோது, இலைகள் வெந்த கீரையைப்போல இருந்தன. பிளாஸ்டிக் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் இன்னும் மோசம். கிறிஸ்துமஸ் சரத்தை அப்போதுதான் உற்றுப்பார்த்தேன். எல்லாம் எல்இடி. மின்சாரம் இருந்திருந்தாலும் ஒரு கொசுவைக்கூடச் சூடாக்கியிருக்காது.

பெரியவர் சொன்ன 'கிரவுண்ட்' எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

போர்வை நமக்கு ஏன் கதகதப்பாக இருக்கிறது? உடம்பு ஓர் அடுப்பு. போர்வை அதன் சூட்டைப் பிடித்து வைக்கிறது. மரத்துக்கு அந்த உடம்புச் சூடு கிடையாது. அதற்கு அடுப்பு தரைதான். பகல் முழுவதும் வெயிலில் வாங்கிய சூட்டை மண் இரவெல்லாம் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். துணி தரைவரை கூடாரமாக இறங்கினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். நான் செய்ததோ, துணியைத் தண்டில் இறுக்கி, கீழிருந்து வருகிற கொஞ்சநஞ்சச் சூடும் இலைக்குப் போகாமல் வாயைக் கட்டியது. துணியே இல்லாமல் விட்டிருந்தால்கூடப் பெரிய வேற்றுமை இருந்திருக்காது.

அடுப்பு மண் என்று புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். காய்ந்த மண்ணைவிட ஈர மண் கூடுதலாகச் சூட்டைச் சேமிக்கும். ஆகவே குளிருக்கு முதல் நாள் காலையிலேயே நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். கூடாரத்துக்குள் கனமான மூடாக்கு, அதாவது மரத்தடியில் பரப்பிய சருகு, இருந்தால் அது மண்ணின் சூட்டை மேலே வரவிடாது. அமைதியான உறைபனி இரவுக்கு முன்னால் நான் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வெறும் ஈரத் தரையைத் திறந்துவைக்கிறேன். குளிர் போனதும் மறுபடி இழுத்துப் போடுகிறேன். பிளாஸ்டிக் இலையைத் தொடக்கூடாது. காலையில் வெயில் ஏறியதும் பிளாஸ்டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரவில் குளிரில் தப்பிய கன்று பகலில் வெந்துபோகும்.

இங்கே 'அமைதியான இரவு' என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. குளிர் இரண்டு வகை. வானம் தெளிந்து, காற்று அசையாமல், மறுநாள் காலையில் கார்க் கண்ணாடியில் வெள்ளைப் பனி படிந்திருக்கும் இரவு ஒரு வகை. அன்று தரையின் சூடு வானத்துக்குத் தப்பிப்போகிறது. குளிர்காற்று கனமானதால் பள்ளத்தில் தேங்குகிறது. தொலைபேசி 35 என்று காட்டும், புல்தரையில் உறைபனி இருக்கும். அந்தக் கைப்பேசிக் கணக்கை நம்பி ஏமாந்தவர்கள் எங்கள் நண்பர்களிலேயே பலர். தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். அதுதான் உங்கள் மரத்தின் வானிலை. இந்த வகைக் குளிருக்குத் தரைவரை போர்த்திய துணியே போதும். நான்கைந்து டிகிரி கூடுதலாகக் கிடைக்கும்.

நார்தர் வேறு. அது காற்றோடு வரும், இரண்டு மூன்று நாள் தங்கும். துணிக்குள் தேங்கிய சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அன்றைக்குத் துணி தனியாக ஒன்றும் செய்யாது. உள்ளே சூடு தருகிற ஏதோ ஒன்று வேண்டும். அதுவும் கைவிட்டால் இருக்கட்டும் என்று கீழே மண் வேண்டும்.

மறுபடி அந்தக் கொட்டைச் செடிக்கு வருகிறேன். பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுக் கன்று வாங்கலாம் என்றிருந்தேன். அம்மா விடவில்லை. "இரண்டு வருட வேர் சும்மா கிடைக்குமா? தலையை மாற்று" என்றார். நண்பர் ஒருவர் மல்லிகாவைத் தொட்டியில் வைத்து, குளிருக்குக் கராஜுக்குள் இழுத்துத் தப்பவைத்திருந்தார். அவரிடம் பென்சில் கனத்தில் நான்கு குச்சி வாங்கிவந்தேன். மே மாதத்தில், முதல் இரண்டு ஒட்டையும் தொலைபேசியில் அம்மா திட்டத் திட்டப் போட்டேன். இரண்டும் கறுத்துப்போயின. "கத்தியா வைத்திருக்கிறாய், மரம் அறுக்கிற ரம்பமா?" புதுச் சவர பிளேடு வாங்கினேன். மூன்றாவது பிடித்தது.

இதில் அம்மா வற்புறுத்தியது ஒன்று உண்டு. "ஒட்டைத் தாழப் போடு. மண் அணைத்தால் மூடுகிற உயரத்தில் இருக்கட்டும்." தரையிலிருந்து ஐந்து விரற்கடையில் போட்டேன். கன்று வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். நர்சரியில் இலைச் செழிப்பைப் பார்க்காமல் முதலில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளிர் வருகிற ஊரில் தாழ்ந்த ஒட்டுதான் நல்ல ஒட்டு. லிச்சியும் லாங்கனும் பெரும்பாலும் பதியன் போட்ட கன்றுகளாகவே வரும். அவற்றுக்கு இந்தக் கவலையே வேண்டாம். வேரிலிருந்து துளிர்த்தாலும் அதே மரம்தான். வியட்நாம் பெரியவரின் லாங்கன் 2021 குளிரில் தரையோடு போயிருந்தாலும் அவருக்கு நஷ்டம் வருடங்களில்தான் இருந்திருக்கும், ரகத்தில் இல்லை. ஆனால் அது தரையோடு போகவில்லை. மண் குவித்த உயரம்வரை தண்டு பச்சையாகவே இருந்தது. ஏப்ரலில் அவர் என்னை வேலிக்கு வரச்சொல்லிக் காட்டினார். மண்ணுக்குள் இருந்த தண்டு ஒரு நிறம், வெளியே இருந்த தண்டு வேறு நிறம். நடுவே கோடு போட்டதுபோல இருந்தது.

மண் அணைப்பது நமக்குப் புதிது இல்லை. கரும்புக்கும் வாழைக்கும் காலங்காலமாகச் செய்கிறோம். புளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களும் இளங்கன்றுகளுக்குக் குளிர்காலத்தில் இதையே செய்துவந்திருக்கிறார்கள். ஆனால் குளிருக்கு அணைப்பதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன.

நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை முடிந்ததும் ஆரம்பிக்கிறேன். மரத்தைச் சுற்றியிருக்கும் மண்ணையே வாரிக் குவித்தால் மேல்வேர் அறுந்து வெளியே தெரியும்; ஆகவே மணல் கலந்த சுத்தமான மண்ணை இரண்டு பெரிய தொட்டிகளில் இதற்கென்றே வைத்திருக்கிறேன். கம்போஸ்ட் கூடாது. ஒரு வருடம் அதைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஈரம் தேங்கியது, நெருப்பெறும்பு குடிவந்தது. அணைப்பதற்கு முன் தண்டில் காயம் இருக்கிறதா என்று பார்த்துத் தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளிக்கிறேன். பிறகு ஒட்டுக்கு மேலே ஒரு சாண் வரும்வரை கூம்பாகக் குவித்து, கையால் தட்டிவிட வேண்டும். மார்ச் நடுவில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். 2024இல் வேலைப் பளுவில் ஏப்ரல் இறுதிவரை விட்டுவிட்டேன். ஒரு பக்கம் பட்டை நெகிழ்ந்து, அழுத்தினால் நீர் கசிந்தது. நல்லவேளையாகக் கட்டைவிரல் அகலத்தோடு நின்றது. எடுக்கும்போது மண்வெட்டி வேண்டாம். உள்ளே பட்டை மென்மையாக இருக்கும், வெளிறிய துளிர்கூட ஒன்றிரண்டு இருக்கும். கையால் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை 2022 டிசம்பர் 22 வியாழக்கிழமை இரவு வந்தது. ஒட்டுக்கு ஒன்றரை வயது. கன்று ஐந்தடி. மண் அணைத்தாகிவிட்டது. பிவிசி குழாய்களை வளைத்து நான்கு கால் கூடாரம். அதன்மேல் வெள்ளைத் துணி இரண்டு சுற்று, காற்றுக்காக வெளியே ஒரு பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் செங்கல். உள்ளே பழைய காலத்துக் குண்டு விளக்குச் சரம் இரண்டு. ஒவ்வொரு பல்பும் ஏழு வாட், ஒரு சரத்துக்கு 25 பல்பு. இரண்டு சரமும் சேர்ந்து 350 வாட். சூடு மேலே ஏறும் என்பதால் சரத்தை அடியில் வளையமாக வைத்தேன், துணியில் படாமல். பக்கத்து ஊரில் ஒருவர் பல்பைத் துணிமேல் சாய்த்துவிட்டுப் பாதி வேலியை எரித்துக்கொண்ட கதை எங்களுக்குத் தெரியும். ஈரத்தில் மின்கசிவு ஏற்பட்டால் தானே நின்றுவிடுகிற பிளக்கில்தான் இணைப்பு. 35 டிகிரியில் தானாக எரிந்து 45இல் அணைகிற ஒரு சின்னப் பெட்டியும் கிடைக்கிறது. வாங்கிய பொருள்களில் முழுக் காசுக்கும் உழைத்தது அதுதான்.

கூடாரத்துக்குள் ஒரு கம்பியில்லாத் தெர்மாமீட்டர் வைத்து, அதன் முகத்தைச் சமையலறையில் வைத்திருந்தேன். அணைத்த மண்ணுக்குள் ஓர் இறைச்சித் தெர்மாமீட்டரைக் குத்திவைத்திருந்தேன், வெறும் ஆர்வத்தில். மாலையில் காற்று திரும்பியது. ஒரு மணி நேரத்தில் வெளியே தோல் சுருங்கியது. பத்து மணிக்குக் கூடாரத்துக்குள் 38. பதினொன்றரைக்கு 34. வேலிப் பலகைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒரு மணிக்கு 29 என்று காட்டியபோது ஏதோ கழன்றுவிட்டது என்று தெரிந்தது. ஓடினோம். வடக்குப் பக்கத்தில் இரண்டு செங்கல் புரண்டு, பிளாஸ்டிக் கொடிபோலப் பறந்துகொண்டிருந்தது. மனைவி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓரத்தைப் பிடிக்க, நான் துணி உலர்த்தும் கிளிப்புகளைக் குத்திக்கொண்டே போனேன். விரல் மரத்து, கடைசி நான்கு கிளிப் கையிலிருந்து விழுந்தது. தேடி எடுக்க முடியவில்லை. "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நீங்கள் இத்தனை முறை தெர்மாமீட்டர் பார்த்ததில்லை" என்று மனைவி உள்ளே வந்ததும் சொன்னார். மறுக்க முடியவில்லை.

காலை ஆறரைக்கு வெளியே 16. கூடாரத்துக்குள் 27. அணைத்த மண்ணுக்குள் 41.

அந்த 41ஐப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் நின்றேன். 350 வாட் மின்சாரமும் இரவு முழுத் தூக்கமும் செய்யாத வேலையை, இரண்டு தொட்டி மண் சத்தமில்லாமல் செய்திருந்தது. மின்சாரம் போயிருந்தாலும் அந்த எண் பெரிதாக மாறியிருக்காது.

பொங்கலுக்குள் இலை அத்தனையும் கொட்டிவிட்டது. நுனியிலிருந்து இரண்டடி காய்ந்தது. கூடாரத்தின் உழைப்பும் வீணாகவில்லை. மண்ணுக்கு மேலேயும் முழங்கால் உயரம்வரை தண்டு பச்சையாக நின்றது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஐந்து துளிர், ஐந்தும் ஒட்டுக்கு மேலே. படம் எடுத்து, ஒட்டின் வீக்கம் தெரிகிறதா என்று சரிபார்த்துவிட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். "இப்போது சொல், பிழைத்துவிட்டது என்று" என்றார்.

குண்டு பல்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டிலிருந்து அமெரிக்காவில் வீட்டுக்கான பழைய குண்டு பல்புகளில் பெரும்பாலானவை விற்பனையிலிருந்து விலகிவிட்டன. பழைய கிறிஸ்துமஸ் சரங்களைப் பிறர் வீட்டுக் குப்பையில் கண்டால் நான் இப்போது வெட்கப்படுவதில்லை.

தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி சூட்டை வெளிவிடுகிறது. 1980களில் மூன்று பெருங்குளிர்களில் தோட்டங்களை இழந்த புளோரிடா ஆரஞ்சு விவசாயிகள், அந்தச் சூட்டை நம்பி நுண்தெளிப்பான்களை அடிமரத்தில் வைத்தார்கள். கொல்லைப்புறத்துக்கு நான் சொல்லமாட்டேன். ஆரம்பித்தால் பனிக்கட்டி உருகும்வரை ஒரு நிமிடம்கூட நிறுத்தக்கூடாது. நின்றால், அதுவும் காற்று அடிக்கும்போது, ஈரம் ஆவியாகி மரம் முன்னைவிடக் குளிர்ந்துபோகும். 2021இல் எங்கள் குழாயில் நூலாக வந்த தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மரங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. முருங்கையை நவம்பரில் இடுப்பளவு வெட்டி, அடியில் காய்ந்த இலையை மூட்டையாகப் போட்டுவிட்டால் ஏப்ரலில் வேரிலிருந்து வரும். கறிவேப்பிலையை இந்த ஊரில் தொட்டியில் வைப்பவரே புத்திசாலி. நான்கைந்து இரவு கராஜின் இருட்டில் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரை மட்டும் குறைக்க வேண்டும். பப்பாளி 31 டிகிரிக்குக் கீழே போனால் அடிபடும். அதைக் காப்பாற்றுவதைவிட வருடா வருடம் விதை போடுவது மலிவு. கொய்யா இளங்கன்று 27, 28 டிகிரியில் சாகலாம், வேரூன்றிய மரம் தரையிலிருந்து திரும்பும். வாழைக்கு இலை 32இலேயே போய்விடும்; கிழங்கு 22வரைகூடத் தாங்கும். ஆனால் கிழங்கு மட்டும் பிழைத்தால் அந்த வருடம் குலை கிடைக்காது. மறுபடி வளர்ந்து தார் தள்ளுவதற்குள் அடுத்த குளிர் வந்துவிடும். தார் வேண்டுமென்றால் அடிமரத்தையே காப்பாற்ற வேண்டும். இலையை மட்டும் அறுத்துவிட்டு, தண்டைச் சுற்றிக் கம்பிவலை போட்டு, உள்ளே காய்ந்த இலையை ஆள் உயரத்துக்கு அடைத்து, மேலே மழை இறங்காமல் மூடிவிடுகிறேன். பார்க்க வைக்கோல் பொம்மைபோல இருக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து இதற்காக ஒரு கடிதம்கூட வந்தது.

குளிர் போன பிறகு செய்கிற தவறுகள்தான் அதிகம். கறுத்த கிளையைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், வெட்டக்கூடாது. பிப்ரவரியில் வெட்டினால் வெட்டுக்குக் கீழே அவசரமாகத் துளிர்த்து, அடுத்த நார்தரில் அதுவும் போகும். எது செத்தது, எது தூங்குகிறது என்று மரத்துக்கே மே மாதம்வரை தெரியாது. நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு என்றால் இல்லை என்பார்கள். நானும் செய்கிறேன், ஆனால் வாரம் ஒரு முறை சுரண்டிச் சுரண்டி ஒரு கிளையை நானே மொட்டையடித்ததும் உண்டு. இலை கொட்டிய தண்டில் நேரடி வெயில் பட்டால் பட்டை வெடிக்கும். வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்டில் சரிபாதி தண்ணீர் கலந்து பூசிவிட்டால் நல்லது. உரம் அப்போது வேண்டாம், புது இலை முற்றிய பிறகு போதும். அதுபோலவே ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடுவதை நிறுத்தவேண்டும். அக்டோபரில் அழகாக வருகிற செந்தளிர்தான் டிசம்பரில் முதலில் சாகும்.

2025 ஜனவரி 21 காலையில் ஹூஸ்டனில் வெண்பனி பெய்தது. அவ்வளவு பனியைப் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. மாமரக் கூடாரத்தின்மேல் மூன்று அங்குலம் படிந்து கிடந்தது. பனியைக் கண்டு பதறி அதைத் தட்டிவிடப் போனேன். துணி அமுங்காதவரை அது இன்னொரு போர்வைதான் என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் காலை வெளியே 20, உள்ளே 33. மகள் பனி உருண்டை வீசுவதைக் காணொளியில் அம்மாவுக்குக் காட்டினேன். "அழகாகத்தான் இருக்கிறது. மண் அணைத்தாயா?" என்றார்.

மார்ச்சில் தாமதமாகப் பூத்தது. பூவுக்கு 40 டிகிரியே ஆகாது என்பதால் இரண்டு இரவு மறுபடி துணி. பட்டாணி அளவில் நாற்பது காய் இருக்கும், நின்றது ஏழு. ஜூலையில் நிறம் ஏற ஆரம்பித்ததும் நான்கை அணில் கொண்டுபோனது. ஒன்றை வேலிக்கு மேலே பெரியவரிடம் கொடுத்தேன். இரண்டை வீட்டில் அறுத்தோம், நாரே இல்லை. அணிலுக்கு என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். "அதுவும் சாப்பிடட்டுமே" என்கிறார். குளிருக்குச் சொன்னதுபோல இதற்கு உருப்படியாக ஒரு வழி சொன்னால் என்ன?